அரைப்புள்ளி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொழிலாளர் மீதுள்ள பற்றால் எழுத வந்த கதை அல்ல இது. கோட்டையூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த இலைக்காரர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: "அந்தக் காலத்துக் கொத்தனார் சங்கத்துல, அந்தம்மாவுக்கு அரை ஓட்டுதான்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அரை ஓட்டை எப்படிப் போடுவார்கள்? கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஆள் கிளம்பிவிட்டார். ஆகவே மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "1934ஆம் ஆண்டு, தொழிலாளர் எழுச்சியின் விடியலில்—"

(அடித்துவிட்டேன். விடிந்தால் சுண்ணாம்பு அரைக்கப் போக வேண்டும் என்பதைத் தவிர, காளியாயிக்கு விடியலைப் பற்றி வேறொன்றும் தெரியாது.)

இரண்டாவது: கோட்டையூரில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு செட்டியார் வீட்டுச் சுவர்ப்பூச்சுக்கு, அம்மியில் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைப்பவள் காளியாயி. விரல் நுனியெல்லாம் வெந்து உரிந்திருக்கும். அவள் கணவன் இருளாண்டி இரண்டு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான்.

இது போதும், இப்படியே போகலாம்.

3

சங்கம் வைத்தவர்கள் நல்லவர்கள். ஆனால் யாருக்கு எத்தனை வாக்கு என்ற கேள்வி வந்தபோது, தாங்கள் யாருக்கு வீடு கட்டினார்களோ அந்தச் செட்டியார்களின் கோயில் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி.*

வாக்குக்குப் புளியங்கொட்டை. புருஷன் ஒரு முழுக்கொட்டையைப் பானையில் போடுவான். பெண்சாதி அவனோடு சேர்ந்து கல் சுமந்தாலும் அவளுக்கென்று தனிக்கொட்டை கிடையாது. அரைப்புள்ளிக்கு, தலைவர் செம்மலைக் கொத்தனார் பாக்குவெட்டியால் கொட்டையைப் பிளந்து ஒரு பாதியைக் கொடுப்பார். மறுபாதியைக் கீழே போட்டுவிடுவார். பெண்டாட்டியை இழந்த ஆண்கள் மறுவருடமே இன்னொருத்தியைக் கட்டி முழுப்புள்ளி ஆகிவிடுவார்கள். ஆக, சங்கத்தில் ஒரே அரை காளியாயிதான்.

* கோயிலில் அது வரிக்கான கணக்கு. துக்கப்பட்ட வீடு பாதி வரி கொடுத்தால் போதும் என்ற சலுகை. அதையே வாக்குக்குக் கொண்டுவந்தபோது சலுகை தலைகீழாகிவிட்டது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

4

முதல் எழுத்துப்படியில் காளியாயியை ஒரு மேடையில் ஏற்றி, "தோழர்களே, நாங்கள் மனிதர்கள் இல்லையா" என்று—

(அவள் அப்படிப் பேசுவாளா? மாட்டாள்.)

அவள் செம்மலையிடம் போய் நின்றது ஒரு நடுப்பகலில், கஞ்சி குடிக்கும் வேளையில்.

"அண்ணே, அவுக இருந்தப்ப எங்க வீடு முழுப்புள்ளி. நான் ஒருநாளும் கொட்டையத் தொட்டதில்ல. அவுக செத்தப்பறந்தான் என் கையால போடுறேன், அதும் பாதி. அவுக சாவுல எனக்குக் கெடச்ச பாதி எனக்கு வேணாம்ணே. வேலை பாக்குற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முழுசு குடுங்க."

"அப்பக் கட்டுன பொம்பளைகளுக்கும் குடுக்கணுமே?"

"குடுங்க."

"ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு கட்சியாயிருமே ஆத்தா."

செம்மலை கோபப்படவில்லை. பழைய விதிப்படியே வாக்குக்கு விடுவோம் என்றார். ஒரு முழுப்புள்ளியாவது கூடுதல் வேண்டும், அரையில் ஜெயித்தால் செல்லாது. தோற்றால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. காளியாயி சரியென்றாள்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை, சுண்ணாம்புக் காளவாயின் பக்கத்தில் இரண்டு பானைகள். சிவப்புத்துணி கட்டியது 'மாத்தணும்'. வெறும் பானை 'இருக்கட்டும்'. கொட்டை விழ விழ எல்லாரும் வாய்விட்டு எண்ணினார்கள். செம்மலை தன் வீட்டுக் கொட்டையை வெறும் பானையில் போட்டார்.

முப்பத்து நாலு, முப்பத்து நாலு. மிச்சம் காளியாயி மட்டும்.

பாக்குவெட்டி நறுக்கியது. ஒரு பாதி அவள் கையில், மறுபாதி செம்மலையின் காலடியில். தன் பாதி போதாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் போட்டாள், சிவப்புத்துணிப் பானையில்.

அப்போதுதான் கல் சுமக்கும் பெண்கள் பக்கமிருந்து மீனம்மாள் வந்தாள். செம்மலையின் பெண்சாதி. குனிந்து அவர் காலடியில் கிடந்த பாதியை எடுத்து அதே பானையில் போட்டாள்.

"ஏ மீனம்மா, உனக்கு ஏது புள்ளி?"

"நீங்க போட்டீகளே ஒரு முழுசு, அதுல பாதி என்னுதுதானே? என்னையக் கேட்டா போட்டீக?"



6

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் அது திருட்டுத்தனம். மூன்று படிவரை மீனம்மாளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. 'செம்மலையின் மனைவி' என்றே எழுதி வந்தேன். அந்த வீட்டை நானும் ஒரே புள்ளியாகத்தான் எண்ணியிருக்கிறேன். தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். செம்மலை கண்கலங்கி மனம் மாறுகிறார் (எனக்கே நம்பிக்கையில்லை). செம்மலை பானையைக் கவிழ்த்து, செல்லாது என்கிறார் (நடந்திருக்கலாம், ஆனால் என் கை அதை எழுத மறுக்கிறது). காளியாயி எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டு— (கும்பிடமாட்டாள்.)

அதனால் பானையை உங்கள் மடியில் வைக்கிறேன். மீனம்மாளின் பாதியைச் சேர்த்தால், காளியாயி இன்றிலிருந்து முழு ஆள். சேர்க்காவிட்டால் சாகும்வரை பாதி. நான் எண்ணமாட்டேன், ஒருமுறை தப்பாக எண்ணியவன்.

காளியாயி வெந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"எண்ணுங்க" என்கிறாள், உங்களைப் பார்த்து.