என் மகன் என்னை வெட்டவில்லை

முப்பத்தொரு வருடம் ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் இஞ்ஞாசிமுத்து. பாக்கார் ஆராங் ஊரில் சொந்த வீடு. மகன் செலஸ்டின் அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன். மெட்ராஸில் எம்.பி.பி.எஸ்., பிறகு ஒரு வருடம் பயிற்சி, நான்கு வருடம் சிறிய ஆஸ்பத்திரிகளில் வேலை, கடைசியாக எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். என்ற சர்ஜன் பரீட்சை. குடல், பித்தப்பை, கழுத்துக் கழலை, குடலிறக்கம் எல்லாவற்றுக்கும் அவன்தான் வெட்டுவான். யார் கேட்டாலும் இதே வரிசையில் சொல்லுவேன். எடின்பரோவில் அவன் முதல் தடவை தேறவில்லை என்பதை மட்டும் சொன்னதில்லை. படிப்பு ஆறு மாதம் நீண்டுவிட்டது என்பேன்.

எனக்கும் குடலிறக்கம் இருந்தது. ஐந்து வருடம் துணியால் இறுக்கிக் கட்டி மறைத்தேன். மகனிடம் காட்டுகிற இடமா அது?

எண்பத்து நான்காம் வருடம் ஒரு சனிக்கிழமை காலை, வீக்கம் உள்ளே போகாமல் கல்லாகிவிட்டது. வாந்தி நிற்கவில்லை. பக்கத்து வீட்டுத் துணிக்கடை அழகப்பன் தன் காரில் என்னைக் கிடத்தி அலோர் ஸ்டாருக்கு ஓட்டினார்.

"மகன் இருக்கும்போது என்னண்ணே பயம்? சும்மா படுங்கலா."

அவருக்கும் பித்தப்பையில் கல். அடுத்த மாதம் செலஸ்டினிடம் வெட்டிக்கொள்ளத் தேதி வாங்கியிருந்தார்.

செலஸ்டின் வயிற்றை ஒரு முறை அழுத்திப் பார்த்தான்.

"குடல் மாட்டிக்கிச்சுப்பா. இப்பவே வெட்டணும். இங்க இன்னொரு சர்ஜன் இருக்கார், மனோகரன். அவர் செய்வார்."

"நீ?"

"நான் செய்யக்கூடாதுப்பா. சொந்த அப்பாவை வெட்டுறதில்ல. எங்க தொழில்ல அப்படித்தான்."

அவன் அந்தப் பக்கம் போனதும் அழகப்பன் குனிந்தார்.

"சொந்த அப்பனுக்கே வெட்டமாட்டேன்னா எப்படிண்ணே? நான் என் கல்லை இவர்கிட்டக் கொடுக்கறதா, வேணாமா?"

வலியைவிட அது சுட்டது. திங்கட்கிழமை இவர் கடை திறந்ததும் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். அதைவிட மோசம், எனக்கே சந்தேகம் வந்தது. தேறாமல் போன அந்த ஆறு மாதம் இன்னும் அவன் கையில் இருக்கிறதோ?

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மனோகரன் வந்தார். சின்ன வயது. வலியிலும் விசாரித்தேன்.

"எங்கே படிச்சீங்க?"

"சிங்கப்பூர். அப்புறம் கிளாஸ்கோ."

"எத்தனாவது தடவையில தேறினீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "மூணாவது தடவைங்கய்யா. அந்தப் பரீட்சையில முக்கால்வாசிப் பேர் முதல்ல விழுவாங்க. வார்டுல இதை யாரும் ஒளிக்கறதில்ல."

"என் மகன் ரெண்டாவது தடவை," என்றேன். மூன்று வருடம் பூட்டி வைத்திருந்தது வாயைவிட்டு வந்துவிட்டது.  அதற்குள் உள்ளே தள்ளிப் போய் மயக்க ஊசி போட்டுவிட்டார்கள்.

கண் விழித்தபோது, குடல் பிழைத்தது என்றார்கள்.

எட்டாம் நாள் தையல் பிரிக்க நர்ஸ் பிரிஜெட் தட்டோடு வந்தாள். பின்னாலேயே செலஸ்டின்.

"இதையாவது நான் செய்றேன்பா."

கத்தரியை எடுத்தான். முதல் நூலைத் தூக்கியபோது கத்தரி முனை என் தோலில் தடதடவென்று தட்டியது. அவன் கை நடுங்கியது. அன்று காலை மட்டும் மூன்று வயிறுகளைத் திறந்து மூடிய கை என்று பிரிஜெட் சொல்லியிருந்தாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. நெற்றியில் வியர்வை.

வெட்டமாட்டேன் என்றது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

வார்டு வாசலில் ஆரஞ்சுப் பையோடு அழகப்பன் வந்துகொண்டிருந்தார்.

"திரையை இழும்மா, பிரிஜெட்," என்றேன்.

இழுத்தாள். ஏழு தையல். மெதுவாகப் பிரித்தான். நான் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. கடைசி நூல் தட்டில் விழுந்ததும் அவன் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்து, திரையைத் திறக்கச் சொன்னேன்.

"என்னண்ணே, எல்லாம் நல்லபடியா?" என்றார் அழகப்பன்.

"நல்லபடிதான். உன் தேதியை மாத்தாதே, அழகப்பா. என் மகன்கிட்டயே வெட்டிக்க."

"அவர் உங்களுக்கே வெட்டலியேண்ணே?"

"நீ அவனுக்குத் தகப்பன் இல்லையே," என்றேன்.