பதினோரு முறை மணி அடித்தவள்

லிஃப்ட் மெக்கானிக் எழுதிய அறிவியல் நாவலுக்கு ஆறு வயது ஆகியிருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம். பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. இதுவரை அதைப் படித்த ஒரே ஜீவன் அவருடைய மனைவி. அவளும் ஆசைப்பட்டுப் படித்தாள் என்று சொல்ல முடியாது. அவர் கையெழுத்து வேறு யாருக்கும் புரியாது என்பதால் உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

இப்போது ஒரு பதிப்பகம் சிறுவர் நாவல்களைக் கேட்டிருந்தது. ஒரே பக்கத்தில் ஒரு கடிதம், கூடவே நாவலின் முதல் முப்பது பக்கம். பிடித்திருந்தால் மூன்று மாதம் கழித்து முழு நாவலையும் வாங்கிப் படிப்பார்கள். பிடிக்காவிட்டால் அந்த நாவலை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஒரு நாவல், ஒரு தடவை. கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி. பிள்ளைகளுக்காக விண்வெளிக் கதை போடுகிற பதிப்பகம் மெக்கானிக்குக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை. ஆறு வருடமும் அலமாரிக்குள் போய்விடும்.

இப்படிப்பட்ட நாளில்தான் மச்சினி வந்து மாட்டிக்கொண்டாள். அக்காவுக்குக் கொடுத்திருந்த தையல் மிஷினை வாங்கிக்கொண்டு போக வந்தவள். தண்ணீர் விநியோக அலுவலகத்தில், புகார்ப் பிரிவில், பதினேழு வருடமாக வேலை. ஒரு நாளைக்கு இருநூறு கடிதம் படிப்பாள். வாய் கொஞ்சம் நீளம். அக்கா, தங்கை வாயையும் புருஷன் கடிதத்தையும் யோசித்துப் பார்த்துவிட்டு, "கடுதாசி விஷயத்துல இவளை விட்டா ஆள் கிடையாது, இவகிட்ட காட்டுங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, தைத்து முடிக்காத திரைத்துணியோடு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டாள். வேடிக்கை பார்க்க அதுதான் வசதியான இடம்.

மெக்கானிக் கடிதத்தை நீட்டினார். மச்சினி அதை மேசைமேல் வைத்து, முதல் மூன்று வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியை உள்ளங்கையால் மூடினாள்.

"கைய எடும்மா. கீழதான் விஷயமே இருக்கு."

"மூணு வரிதான் மாமா. எங்க ஆபீஸ்ல அப்படித்தான். மூணு வரிய படிச்சுட்டு எந்த ட்ரேன்னு முடிவு பண்ணிடுவோம். முதல் ட்ரே இன்னிக்கே ஆள் போகும். ரெண்டாவது இந்த மாசத்துக்குள்ள. மூணாவது..." அவள் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தாள். "மூணாவதுக்கு ஒரு நல்ல பதில் அனுப்புவோம்."

"பதில் அனுப்பிட்டு?"

"அனுப்பிட்டு டீ குடிக்கப் போவோம்."

பிறகு சத்தமாகப் படித்தாள். "மதிப்பிற்குரிய பதிப்பாளர் அவர்களுக்கு. கீழ்க்காணும் நாவல் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது. கப்பலின் விவரம்: தளங்கள் நாற்பது, தாங்கும் எடை பன்னிரண்டாயிரம் டன், உந்துவிசை அணுக்கரு, மாற்று ஏற்பாடு உண்டு." நிமிர்ந்தாள். "இது நாவலா மாமா, டெண்டரா?"

ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மெக்கானிக் திரும்பி முறைத்தார். சிரிப்பு திரைத்துணிக்குள் போய்விட்டது.

"விவரம் சரியா இருக்கணுமில்ல?" என்றார். "பசங்க புத்திசாலிங்க. எடை தப்பா இருந்தா கேப்பாங்க."

"பத்து வயசுப் புள்ள பன்னெண்டாயிரம் டன்னுக்கு என்ன சாமான் ஏத்தப் போகுது? மூணாவது ட்ரே. அடுத்தது எழுதுங்க."

மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்கு நடை மாறிவிடும். அரை மணி நேரத்தில் இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். அது, 'எல்லையற்ற பிரபஞ்சத்தின் பேரிருளில், காலம் என்னும் கடலில்' என்று தொடங்கி, நான்காவது வரி வரைக்கும் ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"யாரு செத்தாங்க?" என்று கேட்டாள் மச்சினி.

"ஏன்?"

"இரங்கல் செய்தி மாதிரி இருக்கே. மாமா, எங்களுக்கு வர்ற லெட்டர்லயே நல்ல லெட்டர் எது தெரியுமா? 'என் வீட்ல ஒரு வாரமா தண்ணி வரல. எனக்குக் கைக்குழந்தை இருக்கு.' அவ்வளவுதான். யாரு, என்ன கஷ்டம், என்ன வேணும். உங்க கதையில யாரு?"

"ஒரு பொண்ணு. பன்னெண்டு வயசு."

"அப்பாடா, ஒரு ஆள் கெடச்சுது. இத ஏன் முதல் லெட்டர்ல சொல்லல?"

"கடைசி வரியில இருந்தது. நீதான் கையால மூடிட்ட."

மணி மூன்றரை. மச்சினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்தாள். இனி எழுதி ஆகப்போவதில்லை, கேட்டு வாங்கிவிடுவதுதான் சரி என்று அவள் முடிவு செய்திருக்க வேண்டும். ஆபீஸில் எழுதத் தெரியாதவர்கள் வந்தால் அப்படித்தான் செய்வாள்.

"சொல்லுங்க. அந்தப் பொண்ணு என்ன பண்றா?"

"கப்பல்ல சரக்குத் தளத்துல மாட்டிக்கிறா. கதவு மூடிக்குது. காத்து குறையுது." மெக்கானிக்கின் முகமே மாறிவிட்டது. கண்ணில் ஒரு வெளிச்சம். "வெளிய சூரியப் புயல் அடிக்குது!"

"அருமை. என்ன பண்றா?"

"அபாய மணிய அழுத்துறா."

"சரி, அப்புறம்?"

"அமைதியா காத்திருக்கா. ஆள் வந்து தொறந்து விடுறாங்க."

மச்சினி எழுதினாள். "அடுத்தது?"

"அடுத்து பதினேழாவது தளம். அங்க விதைக் கிடங்குல மாட்டிக்கிறா."

"அங்க?"

"அங்கயும் மணி இருக்கு."

பேனா நின்றது. மச்சினி அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, கைக்குழந்தைக்காரியிடம் பேசுவதைப் போலக் கேட்டாள். "மாமா, மொத்தம் எத்தன தடவ மாட்டிக்கிறா?"

மெக்கானிக் விரல்விட்டு எண்ணினார். கை போதாமல் மறுபடி கட்டை விரலுக்கு வந்தார். "பதினொண்ணு."

"பதினோரு தடவையும் பெல் அடிச்சுட்டு உக்காந்திருக்காளா?"

"உக்காரணும்னு இல்ல. சில தடவ நிக்கிறா."

இந்த முறை சிரிப்பைத் திரைத்துணியால் அடக்க முடியவில்லை. "எனக்குத் தெரியும்டி," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "டைப் அடிச்சவ நான்தானே? 'அவள் அபாய மணியை அழுத்திவிட்டு அமைதியாகக் காத்திருந்தாள்.' நாலாவது தடவையோட கை வலிச்சுப் போச்சு. கம்ப்யூட்டர்ல அதுக்குன்னு ஒரு கீயே செட் பண்ணிட்டேன். ஒரு தட்டு தட்டினா முழு வாக்கியமும் வந்து விழுந்துரும்."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். ஆறு வருடத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை. காது மடல் சிவந்துவிட்டது அவருக்கு. வெளியே எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் போனால் ஐந்து மணி ஆகிவிடும்.

"ரெண்டு பேரும் நல்லா சிரிங்க," என்றார். "மாட்டிக்கிட்டா அதான் பண்ணணும். மணிய அழுத்தணும், காத்திருக்கணும், கதவுல கை வைக்கக் கூடாது. நாங்க ஒவ்வொரு லிஃப்ட்லயும் ஒட்டி வெச்சிருக்கோம். ஒரு ஆளு இருந்தாரு. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு. பெல் அடிச்சாரு. நான் வந்துகிட்டே இருக்கேன், வழியில ட்ராஃபிக். அவருக்குப் பொறுமை இல்ல. கதவ நெம்பித் தொறந்து கீழ் மாடிக்குக் குதிச்சாரு. கால் சறுக்கி லிஃப்ட் குழிக்குள்ள விழுந்துட்டாரு. நான் போனப்ப நாலு நிமிஷம்தான் லேட்டு. நாலே நிமிஷம். நான்தான் கீழ இறங்கித் தூக்கினேன்." மேசைமேல் கிடந்த கடிதத்தைக் கசக்கினார். "எந்தப் புள்ளைக்கும் கதவ நெம்புன்னு நான் எழுத மாட்டேன். புஸ்தகமே வேணாம்."

தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்பக் கிளப்ப, அது இருமி இருமி நின்றது.

மச்சினிக்குக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. ஆனாலும் விடுகிறவள் இல்லை. "மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க கூப்பிட்டா வர்ற ஆளு. சாப்பிட்டுட்டு இருந்தாலும் கைய கழுவிட்டு ஓடுவீங்க. அக்கா கல்யாண நாளன்னிக்கே ஓடினீங்க. அதனால உலகத்துல பெல் அடிச்சா யாராவது வருவாங்கன்னு நெனைக்கிறீங்க."

"வருவாங்கதானே?"

"நான் எங்க வேலை பார்க்கறேன்?" என்றாள் அவள். "அந்த மூணாவது ட்ரேல ஒரு அம்மா இருக்காங்க. எட்டு மாசமா எழுதுறாங்க. மரியாதையா எழுதுவாங்க, திட்டவே மாட்டாங்க. மணிய அழுத்திட்டு அமைதியா காத்திருக்காங்க மாமா. பதில் எழுதினது நான். யாரும் போகல. யாரும் போகப் போறதில்லன்னு எனக்குத் தெரியும். உங்க புஸ்தகத்த படிக்கிற புள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு அது இப்பவே தெரியும்."

மச்சினி அவர் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். இந்த எட்டு மாதத்தில் அந்த அம்மாளைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதாக அக்காவுக்கு நினைவில்லை.

மணி நாலே கால். மெக்கானிக் தாளை இழுத்துக்கொண்டார். பத்து நிமிடம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒரே மூச்சில் எழுதினார். எழுதியதை மச்சினி பக்கம் தள்ளினார். அவள் பழக்கதோஷத்தில் கையால் மூடிக்கொண்டு படித்தாள்.

'நாற்பது தளக் கப்பல் ஒன்றில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி பதினோரு முறை சிக்கிக்கொள்கிறாள். ஒவ்வொரு முறையும் மணியை அழுத்துகிறாள், யாராவது வருகிறார்கள். பன்னிரண்டாம் முறை யாரும் வரவில்லை.'

மச்சினி கையை எடுத்தாள். கீழே வெறும் தாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா? என்ன ஆகுது அவளுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? புஸ்தகத்துல அந்தப் பன்னெண்டாவது தடவையே இல்லையே," என்றார் மெக்கானிக். பேனாவை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் கஷ்டம் அதுதான். லிஃப்ட்டைச் சரிபார்த்தால் மேலே மிஷின் அறையில் ஒரு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். சில பேர் கீழேயே நின்றுகொண்டு போட்டுவிடுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் செய்யாத வேலைக்கு அவர் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. இல்லாத ஒரு அத்தியாயத்தை இருப்பதாகச் சொல்லி, கீழே பெயர் எழுது என்றால் கை எப்படி வரும்?

"மூணு மாசம் இருக்குல்ல?" என்றாள் மனைவி. திரைத்துணியை வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தாள். "கேட்டாங்கன்னா அதுக்குள்ள எழுதிக் குடுங்க."

"எழுத வரலேன்னா?"

"வரலேன்னா பொய்க் கையெழுத்து. ஊர்ல எல்லாரும் போடுறாங்க, நீங்க ஒண்ணு போட்டா மானம் கப்பலேறிடாது. ஆனா நான் அந்தக் கீயை எடுத்துடப் போறேன், இப்பவே சொல்லிட்டேன்."

மணி நாலு நாற்பத்தைந்து, நாற்பத்தாறு என்று ஓடியது. மெக்கானிக் அந்த மூன்று வரிக்குக் கீழே, 'நான் லிஃப்ட் மெக்கானிக். கடைசி அத்தியாயம் இன்னும் எழுதவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று சேர்த்தார். இது அதிகப்பிரசங்கித்தனம் என்று மச்சினி சொன்னாள். எந்த ஆபீஸும் இதை ஏற்காது, முடிக்காத வேலையை முடிக்கவில்லை என்று யாராவது ஒத்துக்கொள்வார்களா என்றாள். அவர் கேட்கவில்லை. அதை எடுத்தால் கையெழுத்து வராது என்றார். மனைவி டைப் அடித்தாள். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது கடிதமும் முப்பது பக்கமும் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தன.

யாரும் கைதட்டவில்லை. மச்சினி தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். மெக்கானிக் வழியனுப்பக்கூட எழுந்திருக்கவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து, அந்தப் பெண்ணை முப்பத்தொன்பதாவது தளத்தில் கொண்டுபோய் வைத்து, கதவை மூடினார். அவள் மணியை அழுத்தினாள். அவர் காத்திருந்தார். கப்பலின் நடைவழியில் யாரையும் அனுப்பவில்லை. அனுப்பக் கூடாது. உள்ளே காற்று குறைந்துகொண்டிருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு அவளை நினைத்துப் பயமாக இருந்தது.

வாசலில் மச்சினி மிஷினைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றாள். "அவ வெளிய வந்துட்டா எனக்கு ஒரு போன் போடுங்க. எந்நேரமானாலும் சரி."