வர்ணிகாவின் மேம்பாலம்

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பைபாஸ் மேம்பாலங்களைச் சேலைத் தொட்டிலைப் பார்த்துத்தான் வரைவார்கள். சேலை எப்படித் தொய்கிறதோ அப்படித்தான் பாலம் வளையும். சேலையை விரித்துப் பிடிக்கிற கட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் ரோட்டின் அகலம். தொட்டிலை அவிழ்த்தால் பாலமும் இறங்கிவிடும்.

ஊருக்கு வடக்கே இருப்பது என் மகள் வர்ணிகாவின் பாலம். கைக்குழந்தையாக அவள் காலை உதைத்தால் மேலே பஸ் குலுங்கும். கண்டக்டர் இறங்கி எங்கள் வாசலுக்கே வந்துவிடுவார்.

"ஏனுங்க்கா, பாப்பா இன்னும் தூங்கலீங்களா? உள்ள பாதிப் பேரு வாந்தி எடுக்கறாங்க."

எனக்கு வெட்கமாக இருக்கும். கதவுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் ஆட்டுவேன். அவள் தூங்கிய பிறகு ஒரு லாரிகூட ஹாரன் அடிக்காது. பாலத்தின் மேல் பால் வாசனை அடிக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் அவரவர் பிள்ளைகளை நினைத்துக்கொள்வார்கள். அந்த நாளெல்லாம் எங்கே போனதோ.

இப்போது வர்ணிகா தொட்டிலில் ஏற மாட்டேன் என்கிறாள். "நான் பெரிய புள்ள" என்று ஓடிவிடுகிறாள். காலையில் இன்ஜினியர் வந்தார்.

"அவுத்துரும்மா. வெறும் தொட்டில் லாரியத் தாங்காது. புதுசா வர்ற ஆறு வழி ரோட்டுக்கு ரெட்டைப் புள்ள பெத்த வீடா பாத்தாச்சு."

என் வீட்டுக்காரர் லாரியோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவர் வீடு வர வேறு வழி கிடையாது.

"அவங்க வந்தரட்டுங்க சார்."

"பாப்பா படுக்கலியே, எப்படிம்மா வருவாரு?"

"அப்ப நீங்க படுத்துக்கோங்க."

வெளியாளிடம் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. அவர் யோசித்தார். அளவுக்குச் சரிதான் என்றார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறிப் படுத்தார். அவர் கனத்துக்கு முடிச்சை ஒரு முழம் ஏற்றிக் கட்டி ஆட்டினேன். உடனே தூங்கிவிட்டார். வடக்கே லாரி பாலம் ஏறுகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்காரர் கைகால் கழுவிவிட்டு வந்து தொட்டிலை விலக்கிப் பார்த்தார்.

"மூக்கு அப்படியே உங்கப்பனாட்டவே இருக்குது புள்ள."

"ஆமாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பேர் வைத்துவிடலாம் என்கிறார். அவருக்கு எங்கள் குலசாமி பேர்தான் வைக்க வேண்டுமாம். எனக்கென்னவோ, முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் புதுசாக, வாய் நிறையக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பேர்தான்... "அம்மா" என்கிறார், எழுந்துவிட்டார் போல. இதோ வந்துட்டேன் சார், அழாதீங்க, மேல பஸ் வேற குலுங்குது...