நகரம் நடந்த ஓய்வுநாள்

மலையடிவாரத்து ஊற்றுக்குப் போகும் நேர்த்திக்கடன் நடையில் முப்பத்துமூன்றாம் நாள் ஓய்வுநாள் என்பதால் நடைபயணிகள் யாரும் நடக்கவில்லை. அவர்கள் தங்கியிருந்த பழைய நகரம்தான் நடந்தது. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, மூன்று நாள் தூரத்தைப் பொழுது சாய்வதற்குள் கடந்தது. கோட்டை மதில், மணிக்கூண்டு, எழுநூறு வருடக் கல்தெருக்கள், நகராட்சி அலுவலகம், அதில் கண்ணயர்ந்திருந்த குமாஸ்தா எல்லாம் சேர்ந்தே போயின. எட்டரை மணிக்கு வெளியூர் போன பேருந்துதான் பாவம், திரும்பி வந்து ஊரைக் காணாமல் வயல்காட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

முதலில் கண்டுபிடித்தவள் லிஃப்ட்காரி. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பது வருடம், நின்ற இடத்தில் நின்றபடியே மேலும் கீழும் போய் வந்தவள் என்பதால் கூட்டத்தில் அவளுக்கு அந்தப் பெயர். விடுதிக் கட்டிலில், வீங்கிய காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தபோது வயிற்றுக்குள் லேசாக ஒரு தூக்கல். யாரை ஏமாற்றினாலும் அவளை ஏமாற்ற முடியாத விஷயம் அது.

“அண்ணி, தரை கிளம்பிடுச்சு.”

அவளோடு கூட நடந்து வந்த, இப்போது துணி அலசிக்கொண்டிருந்த அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வெறும் வயித்துல மாத்திரை போட்டா அப்படித்தான் இருக்கும். பேசாம படு.” சொல்லி முடிப்பதற்குள் வாளித் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொடியில் காய்ந்த சட்டைகள் எல்லாம் காற்றே இல்லாமல் கிழக்கே பறந்தன.

முந்தின நாள்தான் எலும்பு வைத்தியர் கையை விரித்திருந்தார். இனி ஒரு நாள் நடந்தாலும் கால் தேறாது, மறுநாள் பேருந்தில் ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று. மலையடிவாரத்து ஊற்றில் முகம் கழுவ வேண்டுமானால் வீட்டு வாசலிலிருந்து சொந்தக் காலில் வந்திருக்க வேண்டும். வழியில் எதிலாவது ஏறினால் திரும்பிப் போய் வாசலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலோடு இன்னொரு முறை தொடங்குவது நடக்கிற காரியமா? அது அவளுடைய அண்ணன் வேண்டிக்கொண்டு, நடக்காமலே போய்ச் சேர்ந்துவிட்ட நடை. அப்பாவின் தையல் மெஷின் யாருக்கு என்று தொடங்கிய சண்டையில் பன்னிரண்டு வருடம் முகத்தில் முழிக்காமல் இருந்து, அவன் சாகக் கிடக்கிறான் என்று கேட்டும் ஒரு நாள் தாமதமாகப் போய் நின்றவள் அவள். இந்த இடத்துக்காவது போய்ச் சேர வேண்டும் என்று இராத்தூக்கத்தில்கூட முனகினாள்.

விடுதிக்காரர் சந்தோஷமாகத்தான் இருந்தார். கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரு முறை ஊர் எழுந்து நின்றதுண்டாம். நடந்தது இதுதான் முதல்முறையாம். “சக்கரமும் இல்ல, மாடும் இல்ல. இதுல என்னம்மா விதி மீறல்?” என்றார். லிஃப்ட்காரி ஒப்பவில்லை. “நின்ன எடத்துல நின்னுக்கிட்டே எடம் மாறிப்போனா அது ஏறினதுதாங்க. எனக்கு இதுதானே தொழிலு” என்று சொல்லிவிட்டு, இறங்கிவிடுவதற்காகக் கிழக்கு வாசலை நோக்கி நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்தாள். அவள் கிழக்கே ஒரு அடி வைத்தால் நகரம் மேற்கே நூறு அடி வைத்தது. வாசலுக்கு வெளியே வயல்கள் விலகி வழிவிட்டு, பின்னால் ஒரு கதிர்கூட ஒடியாமல் மூடிக்கொண்டன. வரப்பில் இருந்தவர்கள் ஆடுகளை ஓரமாகப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய ஊர் அவ்வளவு மெதுவாகப் பாதம் வைப்பதைப் பார்த்து அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. வாசலின் கடைசிப் படியில் ஒரு கால் வெளியே தொங்க நின்றாள்.

பின்னாலேயே ஓடி வந்த அண்ணிக்கு மூச்சு வாங்கியது. “அன்னிக்கு உங்கண்ணன் உன் வாசலுக்கே வந்து, வாம்மா வீட்டுக்குன்னு கூப்பிட்டாரு. வரமாட்டேன்னு நின்ன. இன்னிக்கு ஒரு ஊரே வந்து கூப்பிடுது. இப்பவும் உனக்கு வீம்புதானா?”

லிஃப்ட்காரி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் முழுக்க வீக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

நகரம் ஊற்றுக்கு முந்நூறு அடி முன்னால் நின்றது. அதற்குமேல் அசையவில்லை. அந்த முந்நூறு அடியையும் அவள் தன் காலால் நடந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. மதில்மேல் ஊரே ஏறி நின்று பார்த்தது. ஊற்றுக் காவலர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: “முழுக்க நடந்தா வந்தீங்க?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “முக்கால்வாசிக்கு மேல நடந்தேங்க. மிச்சம் ஊரு கூட்டிட்டு வந்துச்சு.”

காவலர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். மதிலின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் புழுதி படிந்திருந்தது. “அது நடந்துதான் வந்திருக்கு, தெரியுது. வண்டியில ஏறின கணக்குல வராது” என்றார். “நீங்க மொதல்ல கழுவுங்க. அது உங்களுக்குப் பின்னாடி நிக்கட்டும். வரிசைன்னா வரிசைதான்.”

அவள் குனிந்து முகம் கழுவினாள். “அண்ணா, வந்துட்டேன்” என்று சொல்லி வாய்விட்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நகரத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.