ஃபூசிக்குப் போட்ட நாற்காலி

எங்கள் ஆலோசனை மையம் என்பது எங்கள் தீவின் தலைநகரான நுகுஅலோஃபாவில் சர்ச் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரே ஒரு அறை. கதவில் 'யாரும் வரலாம்' என்று நானே பெயிண்டால் எழுதினேன். மறுநாளே பாஸ்டர் வந்துவிட்டார்.

"யாரும்னா, லெய்ட்டிங்களுமா?"

பெண்ணாக வாழ்கிற ஆண்பிள்ளைகளை இங்கே அப்படித்தான் சொல்வோம். "எழுதியிருக்கிறத இன்னொரு தடவ படிங்க பாஸ்டர்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஃபூசி அப்படி வந்தவள்தான். மார்க்கெட்டில் பூமாலை விற்பாள், இடுப்பு வரை கூந்தல். திங்கள்கிழமைதோறும் வந்து உட்கார்ந்து, அண்ணன் தன்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறான் என்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிடுவாள். சில வருடங்களுக்கு முன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். சவப்பெட்டியில் பார்த்தால் ஆம்பளை கோட்டு, ஒட்ட வெட்டிய தலை.

அந்த அண்ணன் செமிசிதான் இப்போது என் எதிரே இருந்தான். மீன்பிடிக்கிறவன்; வாசலை அடைக்கிற உடம்பு, தூக்கமில்லாமல் குழிவிழுந்த கண். பக்கத்தில் மனைவி லோசே.

"பொழுது சாஞ்சதும் வருது டீச்சர்" என்றான். பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கணக்கு எடுத்தவள் நான். "கூடத்துல உக்காந்து தலை வாருற சத்தம். சரக் சரக்குன்னு. அதான் தலையில முடியே இல்லையே, எத வாருது?"

"ஆஸ்பத்திரி மாத்திரையும் சாப்பிடுறாரு, நிக்க மாட்டேங்குது" என்றாள் லோசே. "படக எடுத்துட்டுத் திரும்பி வராத தூரத்துக்குப் போயிடுறேங்கிறாரு. எஞ்சின் சாவிய நான்தான் ஒளிச்சு வச்சிருக்கேன்."

ஆக்லாந்தில் நான் படித்துவந்த முறை ஒன்று உண்டு. எதிரே காலி நாற்காலியைப் போட்டு, போனவர் அதில் இருப்பதாக நினைத்து மனதில் கிடப்பதைப் பேசச் சொல்வோம். பேசி அழுது, தெளிந்து வீட்டுக்குப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இதுல ஃபூசி உக்காந்திருக்கிறதா நெனச்சுக்கோ."

செமிசி சட்டென்று எழுந்தான். நாற்காலிப் பக்கம் திரும்பாமல், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் ஈரப்பலா மரத்தடியில் நின்றான். எத்தனை கூப்பிட்டும் வரவில்லை. அடுத்த வாரமும் அதே கதைதான். பயம் என்று முடிவு கட்டினேன்.

பிறகு அவன் மாமா ஹாவெயா, கல்லறையைத் திறக்கவேண்டும் என்று கிளம்பினார். செத்தவர் எலும்பில் மர வேர் ஏறினால், அவர் வந்து சொந்தக்காரனைப் படுத்துவார் என்பது எங்கள் தீவில் பலருடைய நம்பிக்கை. ஆக்லாந்தில் இருக்கிற என் மேற்பார்வையாளர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். அவரிடம் சொல்லாமல், மரியாதைக்குக் கட்டுகிற இடுப்புப் பாயைச் சுற்றிக்கொண்டு நானும் போனேன்.

"வேர் இருந்தா வெட்டிடலாம்" என்றான் செமிசி. "இல்லேன்னா லோசே சாவியக் குடுத்துடணும்."

மணலை அள்ளிச் சவப்பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். ஹாவெயா கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு இறங்கித் துழாவினார்.

"வேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எலும்பு சுத்தமா இருக்கு. செமிசி, வந்து பாரு."

செமிசி வேலியோரம் முதுகைக் காட்டி நின்றான். "தொடைநடுங்கிப் பய" என்று முணுமுணுத்தார் மாமா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயந்தவனுக்குக் குழியை விட்டுக் கண் எடுபடாது. இவன் நிற்கிற நிற்பு வேறு. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பார்ப்பதுதான். உடன்பிறந்தவள் உள்ளே வந்தால் ஆண்பிள்ளை இப்படித்தான் ஒதுங்குவான். அவள்தான் அவனுக்கு மேல். அவள் இருக்கிற அறையில் உட்காரமாட்டான், அவள் சாமானைத் தொடமாட்டான், தலையைத் தொடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சே, இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் போயிற்றே.

அவன் பக்கத்தில் போனேன். "உள்ள படுத்திருக்கிறது யாரு செமிசி?"

"என் தம்பி."

"தம்பிக்கு எதுக்குடா ஒதுங்கி நிக்கிற?"

அவன் வேலியைப் பிடித்துக்கொண்டான்.

"நான்தான் டீச்சர் முடிய வெட்டினேன்" என்றான். "ஆம்பளையா மரியாதையாப் போகட்டும்னு, தலைய மடியில வச்சு நானே வெட்டினேன். தங்கச்சின்னு ஒத்துக்கிட்டா, தங்கச்சி தலையில கை வச்ச பாவி நான். அதுக்கு பயந்தே தம்பி தம்பின்னு சொல்லிட்டுத் திரியுறேன். ஆனா வாருறது அவதான். என் தங்கச்சிதான்."

ஹாவெயா குழியை விட்டு ஏறி வந்தார்.

செத்தவர் நமக்கு மேலானவர் என்றால் துக்கத்தில் தலைமுடியை வெட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். ஃபூசிக்காக யாரும் வெட்டிக்கொள்ளவில்லை. செமிசி மணலில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். வேரை வெட்டக் கொண்டுவந்த கத்தியால் லோசே அவன் முடியை அறுத்தாள். அதைப் பொட்டலமாகக் கட்டி ஃபூசியின் கால்மாட்டில் வைத்து மூடினார்கள்.

திங்கள்கிழமை செமிசி தனியாக வந்தான். கண்ணில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"சத்தம் நின்னுடுச்சா?"

"இல்ல டீச்சர், தங்கச்சி வராங்க. வந்ததும் நான் எழுந்து வெளிய போயிடுறேன். பின்னால ஆம்பளப் பசங்க படுக்கிற குடிசையில படுத்துக்கிறேன். கூடம் அவங்களுக்கு. நல்லாத் தூக்கம் வருது." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "லோசே சாவியக் குடுத்துட்டா. நாளைக்கு மீனுக்குப் போறேன்."

பேசியதெல்லாம் வாசலில் நின்றபடிதான். உள்ளே அந்தக் காலி நாற்காலி போட்டது போட்டபடி கிடந்தது. நான் அவனை உள்ளே கூப்பிடவில்லை. என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அவன் கீழே உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து சரக் என்று ஒரு சத்தம். அவன் பேச்சை நிறுத்தவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை. திங்கள்கிழமை அவள் வருகிற நாள்தானே.