சுமப்பவருக்கு முன் இருக்கை

எங்கள் ஆற்றில் படகை வண்டியிலிருந்து நேரே தண்ணீரில் இறக்க முடியாது. பாதை முடியும் இடத்தில் வனத்துறை பெரிய பாறைகளைப் போட்டு அடைத்திருக்கிறது. அதற்கப்பால் சேற்றுக்காட்டு வழியே படகைத் தோளில் சுமந்துதான் போக வேண்டும். சோம்பேறிகள் வரமாட்டார்கள், அதனால் மீன் இருக்கிறது. வடக்கு மிச்சிகன்காரர்களான எங்களுக்கு அதில் பரம திருப்தி.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. படகைச் சுமப்பவர் முன்னால் உட்கார்ந்து தூண்டில் வீசுவார். துடுப்பும் சாப்பாடும் தூக்கி வருபவர் பின்னால் உட்கார்ந்து படகைச் செலுத்துவார். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் ரெய்னோ சுமந்தார், நான் செலுத்தினேன். அவர் முதுகைப் பார்த்த அளவுக்கு நான் மீனைப் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, என் துடுப்பு படகின் அலுமினிய விளிம்பில் லேசாக இடித்துவிட்டால் போதும், ட்ரௌட் மீனெல்லாம் ஓடிவிட்டது என்று சாயங்காலம் வரை முணுமுணுப்பார்.

இந்த வசந்தத்தில் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பாறைகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டார். நான் படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். கழுத்தில் கொசு மொய்த்தது, அடிக்கக் கை இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரே குஷி. பின்னால் ரெய்னோ துடுப்புகளோடும், கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்டிப் பொட்டலத்தோடும் நொண்டி வந்தார்.

ஆற்றோரம் சாய்ந்த தேவதாருவின் அடியில் ஒரு பெரிய மீன் கிடக்கும்; அதை ஒருமுறையாவது நான் பிடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அது எங்கே கிடக்கும் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவள் நான்தானே.

நான் முன்னால் உட்கார்ந்தேன், அவர் பின்னாலிருந்து செலுத்தினார். மரத்தை நெருங்கியதும் தூண்டிலை வீசினேன். இறகால் கட்டிய தூண்டில் ஈ நிழலோரம் மிதந்தது. கீழிருந்து ஒரு பழுப்பு முதுகு மெல்ல மேலே வந்தது. அப்போது பின்னால் அவர் துடுப்பு விளிம்பில் இடித்து 'டங்' என்று ஒரு சத்தம். மீன் போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்தில் அவரைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். திரும்பினால், பால் குடித்து மாட்டிக்கொண்ட பூனை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“இத்தன வருஷமும் சத்தமில்லாம படக ஓட்டுற இந்தக் கஷ்டமான வேலைய நீ பண்ணியிருக்க, சைமா. நீ சும்மா உக்காந்து வர்றேன்னுல்ல நெனச்சேன்.”

கோபம் அப்படியே வடிந்துவிட்டது. இனி இடித்தாலும் சத்தம் வராதபடி அவர் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றித் துடுப்பின் தண்டில் சுற்றிக் கட்டினார். எதிர்நீரில் படகைப் பின்னுக்கு இழுத்து, ஒரு வேரைப் பிடித்து நிறுத்தினார். அங்கேயே பேஸ்டி தின்றோம். கடைசித் துண்டு முடிந்ததும் மறுபடி மரத்தை நோக்கிப் படகில் மிதந்து இறங்கினோம். இந்த முறை தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். ஈ போய் விழுந்தது, மீன் கவ்வியது. என் இரண்டு கையும் கொள்ளாத மீன். ஈரக்கையால் கொஞ்ச நேரம் ஏந்திப் பார்த்துவிட்டு, ஆற்றிலேயே விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வீக்கம் வற்றிவிட்டது. அவர் வண்டிக் கதவைச் சாத்திவிட்டு வருவதற்குள் படகு என் தோளில் இருந்தது.

“எனக்குத்தான் முட்டி சரியாயிடுச்சே, சைமா.”

“ரொம்ப சந்தோஷம். தொப்பிய மறக்காம எடுத்துட்டு வாங்க.”