மீதி இரண்டு வினாடி

நூற்றுப் பதினேழாவது எபிசோடில் நான் சிரிக்க வேண்டிய சிரிப்பு மொத்தம் நான்கு வினாடி. இரண்டு வினாடி எடுத்து முடித்தபோது கரண்ட் போய்விட்டது. மீதி இரண்டு வினாடியை எடுக்கும் வரை நான் அதே முகத்தோடு இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படியே எட்டு மாதம் இருந்தேன்.

தொடரின் பெயர் 'சீல் எங்கே சார்?'. ஒரு நகராட்சி அலுவலகத்தில் நடக்கிற காமெடி. சாலிகிராமத்தில் மூடிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அலுவலகத்தை செட் போட்டிருந்தார்கள். அதில் நான் தபால் பிரிவு குமாஸ்தா. பெரிய வேஷம் என்று பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. மேனேஜர் திட்டினால் தலையைச் சொறிவேன், மேனேஜருக்கு ஏதாவது ஆனால் சிரிப்பேன். அந்த எபிசோடில், ஆய்வுக்கு வரும் அதிகாரியை வரவேற்க மேனேஜர் மாலையும் கையுமாக ஓடி வந்து, தரையில் கிடக்கும் வாழைக்காய் பஜ்ஜியை மிதித்து வழுக்கி விழுவார். மேனேஜராக நடித்த ஞானப்பிரகாசம் அண்ணன் பாதி வழுக்கியிருந்தார். நான் பாதி சிரித்திருந்தேன். ஜெனரேட்டர்காரர் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தார். இயக்குநர் டேவிட்ராஜ் இருட்டில் நின்றபடி, "எல்லாரும் அப்படியே இருங்க" என்றார். மறுநாள் தயாரிப்பாளருக்கும் சேனலுக்கும் தகராறு வந்து ஷூட்டிங் நின்றது. அப்படியே இருங்க என்றதை யாரும் திரும்பப் பெறவில்லை.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காட்சியில் பாதியை இன்றும் மீதியை வேறொரு நாளும் எடுத்தால், பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும். இன்று சட்டைப் பையில் பேனா இருந்தால் அன்றும் இருக்க வேண்டும். இதற்குப் பெயர் கன்டினியூட்டி. இதைக் கவனிக்க நிலோஃபர் என்று ஓர் உதவி இயக்குநர் இருந்தாள். கெட்டிக்காரப் பெண். வியாழக்கிழமைதோறும் என் முகத்தின் போட்டோவோடு வீட்டுக்கு வருவாள். போட்டோவை என் காதருகே பிடித்துக்கொண்டு, "மேல்வரிசையில எட்டு பல்லுண்ணே. இப்ப ஏழுதான் தெரியுது" என்பாள். நான் எட்டாக்குவேன். என் மனைவி கோமளா அவளுக்குக் காபி போட்டுக் கொடுப்பாள்.

சாப்பிடவும் பல் தேய்க்கவும் விலக்கு உண்டு. தூங்கும்போது கிடையாது, அது பழகிவிட்டது. அழ மட்டும் கூடவே கூடாது என்று நிலோஃபர் முதல் வாரமே சொல்லிவிட்டாள். அழுதால் இமை வீங்கும். வீக்கம் வடிய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளுக்குள் ஷூட்டிங் வைத்துவிட்டால் யார் பதில் சொல்வது? நியாயமான கேள்வி. எனக்கும் அப்போது அழுவதற்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

மூன்றாம் மாதம் காரணம் வந்தது. கோமளாவுக்கு வயிற்றுவலி என்று போனோம், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். பேச ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"கன்டினியூட்டியா?"

"ஆமா டாக்டர்."

"சரி" என்று தொடர்ந்தார். கணையத்தில் வந்து கல்லீரலுக்குப் போயிருக்கிறது, நான்கு மாதம் சொல்லலாம், அதற்கு மேல் சொல்வதற்கில்லை என்றார். நான் எட்டுப் பல்லும் தெரியக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் கோமளா என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியாது என்பது ஞாபகம் வந்து, கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

அவள் வாய் சும்மா இருக்காது. "இருபது வருஷத்துல வீட்டுல நீங்க இத்தன நாள் சிரிச்ச மூஞ்சியா இருந்ததே இல்ல" என்று ஆட்டோவில் வரும்போது சொன்னாள். ஆட்டோக்காரர் சிரித்தார். அவர் முழுதாகச் சிரித்தார், எனக்குப் பொறாமையாக இருந்தது.

சேனல் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். அங்கே ஒருவர் மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். தகராறு தீராமல் மீதியை எடுக்க முடியாது, மீதியை எடுக்காமல் என்னை விடுவிக்க முடியாது என்றார். "அந்தச் சிரிப்பையே வெட்டிடுங்க சார்" என்றேன். "காமெடியில சிரிப்ப வெட்டிட்டா என்னத்தங்க போடறது?" என்றார். எட்டுப் பல்லும் தெரிய எழுந்து வந்தேன்.

கோமளாவுக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாக ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்காக ஒரே ஒரு தடவ அழுங்களேன்" என்றாள்.

நான் உரிப்பதை நிறுத்தவில்லை.

"போனப்புறம் அழுதா எனக்கு என்ன தெரியப்போவுது? இருக்கும்போது பாத்துட்டுப் போறேன்."

"வியாழக்கெழமை நிலோஃபர் வருது. ஒரு வார்த்தை கேட்டுட்டு அழறேன்" என்றேன்.

"சரி, கேட்டுட்டே அழுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு இறந்துபோனாள். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். யாரும் அடிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பொறுப்பான மனிதன் என்றார்கள்.

காரியம் எல்லாம் முறைப்படி நடந்தது. கொள்ளி வைக்கும்போது கோமளாவின் தம்பி தேவராஜ் என் காதருகே குனிந்து, "மாமா, வாய் கொஞ்சம் மூடிக்கிது, பாத்துக்கங்க" என்றான். திறந்துகொண்டேன். மறுநாள் நிலோஃபர் மாலையோடு வந்தாள். கோமளாவின் படத்துக்கு மாலையைப் போட்டுவிட்டு, என் போட்டோவை எடுத்து ஒப்பிட்டு, "கரெக்டா இருக்குண்ணே" என்றாள். பிறகு அழுதாள். அவளுக்குக் கன்டினியூட்டி கிடையாது.

அதன் பிறகு எனக்கு வாழ்க்கையில் ஒரே வேலைதான் பாக்கி இருந்தது. இரண்டு வினாடியைச் சிரித்து முடிக்க வேண்டும். முடித்துவிட்டு எங்காவது ஓரமாக உட்கார்ந்து அழ வேண்டும். அதற்குள் அழுகை கெட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

ஆறுதலுக்கு ஞானப்பிரகாசம் அண்ணன் வீட்டுக்குப் போவேன். போரூரில் முதல் மாடி. வழுக்கிய வாக்கில், தரைக்கு இரண்டடி மேலே, சோபாவுக்கும் இரண்டு அரிசி மூட்டைக்கும் நடுவே சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு கால் மேலே, ஒரு கை மாலையோடு. மாலையை மட்டும் வாரம் ஒரு முறை மாற்றினார்கள்.

"விழுந்தவன்கூட எழுந்துக்கலாம் தணிகாசலம்" என்பார். "நான் இன்னும் விழவே இல்ல பாரு."

எட்டாம் மாதம் தகராறு தீர்ந்தது. அதே மண்டபம், அதே மேஜை நாற்காலி, அதே இடத்தில் பஜ்ஜி. அண்ணனை நான்கு பேர் தூக்கி வந்து சாய்த்தார்கள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். நிலோஃபர் அன்றுதான் செட் முழுக்கத் தெரிய எடுத்த போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். எட்டு மாதமும் முகத்துப் போட்டோவை வைத்தே வேலை பார்த்துவிட்டதால், இது வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

நான் நாற்காலியில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் வாசல் கதவருகே கோமளா நிற்கிறாள். கிளிப்பச்சைப் புடவை, கையில் டிபன் கேரியர். அன்று நான் சாப்பாட்டை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அன்று மத்தியானம் சாப்பிட்டது ஞாபகம் இருந்தது. அது எப்படி வந்தது என்று நான் யாரையும் கேட்டிருக்கவில்லை.

"அக்கா வேணும்ணே" என்றாள் நிலோஃபர். "இல்லன்னா மேட்ச் ஆகாது."

டேவிட்ராஜ் தலையசைத்தார். புரொடக்‌ஷன் மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பதினோரு மணிக்கு, வந்துவிட்டார்கள் என்று குரல் கேட்டது. எனக்கு முன்பக்கம்தான் பார்வை. போட்டோவில் நான் திரும்பியிருக்கவில்லை.

"ஸ்டார்ட்" என்றார் டேவிட்ராஜ்.

இரண்டு வினாடிதான். எட்டு மாதமாகத் தயாராக வைத்திருந்த சிரிப்பு, தானாகவே கிளம்பியது. அப்போது பின்னால் டிபன் கேரியரின் கைப்பிடி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் விழுகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக் கேரியர். அந்தச் சத்தம் வேறு எதற்கும் வராது. சிரித்து முடித்துவிட்டால் அவளுக்கு இங்கே வேலை இல்லை என்பது எனக்கு உறைத்தது. நான் இருமினேன்.

"ஒன் மோர்" என்றார் டேவிட்ராஜ்.

ஒவ்வொரு 'கட்'டுக்கும் அவள் போய்விடுவாள், ஒவ்வொரு 'ஸ்டார்ட்'டுக்கும் வந்துவிடுவாள். இரண்டாவது டேக்கில் பல் ஏழாகத் தெரிந்தது. மூன்றாவதில் விக்கல். மறுநாளும் வந்தோம், அதற்கடுத்த வாரமும் வந்தோம். தொண்ணூறாவது டேக்கில் மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தேன். திரும்பியதும் அது வேறு ஷாட் ஆகிவிட்டது. வேறு ஷாட்டில் அவள் இல்லை. கதவும் வெள்ளைச் சுவரும் இருந்தன. அதற்குப் பிறகு நான் திரும்பவில்லை.

"ஏதாவது சொன்னாளா?" என்று நிலோஃபரைக் கேட்டேன்.

"அக்காவுக்கு டயலாக் இல்லண்ணே" என்றாள்.

அண்ணனுக்குத்தான் சங்கடம். என் சிரிப்பு முடிந்தால்தான் அவர் தரையைத் தொட முடியும். முன்னூறாவது டேக்குக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"தணிகாசலம், எனக்கு அறுபத்தோரு வயசு. என்னைக் கீழ விழ விடுப்பா."

"இந்த டேக்குல முடிச்சுடறேன்ணே" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த டேக்கில் தும்மினேன். அவர் இரண்டடி உயரத்தில் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். நான் கேவலமானவன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த டேக்கில் இருமினேன்.

அழுகை இன்னும் உள்ளே இருக்கிறது. சில நாள் தொண்டை வரை வந்து நிற்கும். அழுதால் இமை வீங்கும், ஷூட்டிங்கைத் தள்ளி வைப்பார்கள், இரண்டு நாள் கேரியர் சத்தம் கேட்காது. அதனால் விழுங்கிவிடுகிறேன். இருக்கும்போது பார்க்க ஆசைப்பட்டவள் என் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று காலை டேக் ஆயிரத்து நாற்பதுக்கு முன்னால் நிலோஃபர் ஒரு சின்ன மை டப்பாவும் பிரஷுமாக என் பின்பக்கமிருந்து வந்தாள். அவளுக்கே இப்போது கண்ணாடி போட்டாகிவிட்டது.

"அக்காவுக்குக் காதோரம் நரைக்க ஆரம்பிச்சிடுச்சுண்ணே. போட்டோவுல கறுப்பா இருக்கு. தெனமும் தடவித்தான் நிக்க வைக்கிறோம்" என்றாள். பிறகு என் தலையைப் பார்த்தாள். "உங்களுக்கும் தடவணும். இருங்க, வேற பிரஷ் எடுத்துட்டு வரேன்."

அதே பிரஷ் போதும் என்றேன். சரி என்று தடவினாள். பிரஷ் இன்னும் ஈரமாக இருந்தது.